கடைக்குப் போகும் முன் கதவை அளந்துவிடுங்கள்



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக் கதவுகளில் ஒன்றிரண்டாவது இறுகிவிடும். ஈரத்தை உறிஞ்சி மரம் அகலவாக்கில் ஊதும். கதவு நிலையோடு உரசும். சாத்துவதற்குத் தோளால் ஒரு தள்ளு, திறப்பதற்குக் கைப்பிடியைப் பிடித்து ஓர் இழுப்பு. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த கைப்பிடி அப்படி இழுக்கும்போது ஒருநாள் கையோடு வந்துவிடும்.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? ஓட்டையில் ஒரு கயிற்றைக் கட்டுகிறோம். அல்லது கட்டிங் பிளேயரைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, நீட்டிக்கொண்டிருக்கும் சதுரக் கம்பியைத் திருகித் திறக்கிறோம். “ஆசாரி வரும்போது பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போடுகிறோம். ஒரே ஒரு கைப்பிடிக்காக ஆசாரி கிடைப்பது அத்தனை சுலபமா? மாதங்கள் ஓடிவிடுகின்றன.

வீட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் கதவின் சூட்சுமம் பழகிவிடும். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியம்மா இரவு பாத்ரூம் போகும்போது என்ன செய்வார்? மூன்று வயதுப் பேரன் உள்ளே போய்க் கதவைத் தள்ளிவிட்டால்? உடைந்த கைப்பிடியால் அதிகம் கஷ்டப்படுவது வீட்டில் மிகப் பெரியவர்களும் மிகச் சிறியவர்களும்தான். அவர்கள் அதைப் பற்றிப் புகார் சொல்வதும் இல்லை.

கைப்பிடி மாற்றுவது பெரிய செலவு அல்ல. செலவு எங்கே கூடுகிறது தெரியுமா? அளவு பொருந்தாமல் வாங்கி வருவதில். “எல்லாக் கதவுக்கும் சேரும் சார்” என்று கடையில் சொல்வார்கள். வீட்டுக்கு வந்து வைத்துப் பார்த்தால் சாவி ஓட்டை அரை இன்ச் தள்ளி நிற்கும். பெட்டியைப் பிரித்தாயிற்று, திருப்பித் தர மனமில்லை. உளியை எடுத்துப் பழைய ஓட்டையைப் பெரிதாக்கச் சொல்கிறோம். அங்கேதான் கதவு கெடுகிறது. பூட்டு என்றால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்; வெட்டிய மரம் வளராது.

அதனால் நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அளவை ஆசாரியிடமோ கடைக்காரரிடமோ விட்டுவிடாதீர்கள். வீட்டில் யாராவது ஒருவர் உட்கார்ந்து, மில்லிமீட்டர் போட்ட ஸ்கேலும் பென்சிலும் வைத்துக்கொண்டு, கதவை அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். இதற்குத் தச்சு வேலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை பொறுமையாகச் செய்துவிடும்.

அளப்பதற்கும் முன்னால், கோளாறு எங்கே என்று பார்த்துவிடுவோம். கைப்பிடி தொங்கினால் கைப்பிடிதான் போச்சு என்று முடிவுகட்ட வேண்டாம். கதவின் மேல் மூலை நிலையில் உரசுகிறதா? அப்படியானால் மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்து கதவு சரிந்திருக்க வாய்ப்பு அதிகம். கீலைச் சரிசெய்யாமல் புதுக் கைப்பிடி போட்டால் அதையும் நாம் இழுத்துத்தான் உடைப்போம்.

ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? ஃபெவிகாலில் தோய்த்த தீக்குச்சிகளை அந்த ஓட்டையில் நெருக்கமாகச் செருகி, காயவிட்டு, மறுநாள் முடுக்கிப் பாருங்கள், மீண்டும் பிடித்துக்கொள்ளும். மழையில் ஊதிய கதவை உடனே இழைக்கவும் வேண்டாம். தையில் காய்ந்து சுருங்கியபின் இடைவெளி விழுந்துவிடும்.

கீல் சரியாக இருக்கிறது என்றால் கைப்பிடியைக் கழற்றுங்கள். தகடுகளின் ஸ்க்ரூக்களை எடுத்தால் இரண்டு பக்கத் தகடும் வந்துவிடும். கதவுக்குள்ளே ஊடுருவி நிற்கும் சதுரக் கம்பியை மட்டும் பூட்டில் செருகி, பிளேயரால் மெதுவாகத் திருப்பிவிடுங்கள். கதவின் ஓரத்தில் இருக்கும் நாக்கு உள்ளே போய், விட்டதும் டக்கென்று வெளியே வருகிறதா? வந்தால் பூட்டு நன்றாக இருக்கிறது. கைப்பிடி மட்டும் வாங்கினால் போதும். நாக்கு சோம்பலாக நகர்ந்தாலோ உள்ளேயே நின்றுவிட்டாலோ உள்ளிருக்கும் ஸ்பிரிங் போய்விட்டது. பூட்டையும் மாற்ற வேண்டும். இந்த ஒரு சோதனையில் பாதிச் செலவு மிச்சமாகலாம்.

சில கைப்பிடிகளின் கழுத்தடியில், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத இடத்தில், ஒரு பொடி ஸ்க்ரூ இருக்கும். ஆலன் கீ போட்டு அதை இறுக்கினாலே ஆட்டம் நின்றுவிடும். அதையும் பார்த்துவிடுங்கள்.

இனி அளவுக்கு வருவோம்.

கைப்பிடியும் பூட்டும் கழன்ற கதவை நீங்கள் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? வெளியே பாலிஷ் மின்னும். தகடு இருந்த இடத்தில் மட்டும் பழைய பெயிண்ட் வேறு நிறத்தில் நீளமாக நிற்கும். நடுவே ஒரு வட்ட ஓட்டை, அதற்குக் கீழே சாவி ஓட்டை, ஓரங்களில் உளி பட்ட சிலும்பல், உள்ளே மரத்தூள். அந்த இடத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள். தாளின் ஒரு பக்கத்தைக் கதவின் ஓரத்தில் மடித்து அழுத்துங்கள். பிறகு பென்சிலைப் படுக்கவைத்து மேலே லேசாகத் தேயுங்கள். ஓட்டைகளின் விளிம்பு அப்படியே தாளில் இறங்கும். மடிப்புக் கோடுதான் கதவின் ஓரம். நிதானமாக மேஜையில் வைத்து இந்தத் தாளை அளந்தால் போதும்.

முதல் அளவு, மடிப்புக் கோட்டிலிருந்து கைப்பிடி ஓட்டையின் நடுப்புள்ளி வரை. கடையில் இதை பேக்செட் என்பார்கள். 45, 55, 60 மி.மீ. என்று பூட்டுக்குப் பூட்டு மாறும். இது பொருந்தவில்லை என்றால் மற்ற எதுவும் பொருந்தாது.

இரண்டாவது, கைப்பிடி ஓட்டையின் நடுவிலிருந்து சாவி ஓட்டையின் நடு வரை. ‘சென்டர் டு சென்டர்’ என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். சிலிண்டர் (சாவி நுழையும் உருளை) போட்ட, கதவைக் குடைந்து உள்ளே பதிக்கும் மார்ட்டிஸ் பூட்டுகளில் இன்று நம் கடைகளில் அதிகம் கிடைப்பது 85 மி.மீ. பழைய லீவர் பூட்டுகளில் இது வேறாக இருக்கும். இருபது, முப்பது வருஷத்துக் கதவில் புது மாடல் கைப்பிடியின் சாவி ஓட்டை நேருக்கு வராததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இங்கே இன்ச் டேப்பை நம்ப வேண்டாம் என்று சொல்வேன். நம் நாட்டில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் 1956-லேயே வந்துவிட்டாலும் தச்சுப் பட்டறையில் இன்றும் இன்ச்சும் நூலும்தான். ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். ஒரு நூல் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நிலையும் சட்டமும் செய்ய அந்தக் கணக்கு அழகாகப் போதும். பூட்டோ மில்லிமீட்டரில் செய்யப்படுகிறது. 55 மி.மீ. என்பது இரண்டு இன்ச் ஒரு நூலுக்கும் இரண்டு இன்ச் இரண்டு நூலுக்கும் நடுவில் எங்கோ விழுகிறது. எந்தப் பக்கம் எழுதினாலும் தவறு.

அளவு டேப்பின் முனையில் இருக்கும் கொக்கி முன்னும் பின்னும் கொஞ்சம் ஆடும், கவனித்திருப்பீர்கள். அது பழுதல்ல. மாட்டி இழுத்து அளக்கும்போதும், முட்டவைத்து அளக்கும்போதும் கொக்கியின் கனம் கணக்கில் தப்பிவிடாமல் இருக்கத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் டேப் பலமுறை கீழே விழுந்து கொக்கி வளைந்திருந்தால் அளவு தவறும். அதனால்தான் இந்த வேலைக்கு ஸ்டீல் ஸ்கேல் நல்லது. டேப்தான் இருக்கிறது என்றால் 10 செ.மீ. கோட்டை ஓரத்தில் வைத்து அளந்து, பத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கதவின் கனம். ஃப்ளஷ் டோர் என்றால் 30, 32, 35 மி.மீ. என்று இருக்கும், தேக்கில் செய்த வாசல் கதவு 38, 40 அல்லது அதற்கும் மேல். சதுரக் கம்பியின் நீளம், ஸ்க்ரூவின் நீளம், சிலிண்டரின் நீளம் எல்லாம் இந்தக் கனத்தைப் பொறுத்தவை. கதவின் ஓரத்தில் அளந்து பாருங்கள். நடுவில் ஒட்டியிருக்கும் பூவேலையையும் பீடிங்கையும் சேர்க்காதீர்கள்.

சிலிண்டர் மட்டும் மாற்றுவதாக இருந்தால், பழைய சிலிண்டரைக் கழற்றி நேரடியாக அளப்பதே சரி. கதவின் ஓரத்துத் தகட்டில், சிலிண்டருக்கு நேராக ஒரு நீள ஸ்க்ரூ இருக்கும். அதை எடுத்துவிட்டு, சாவியைப் போட்டுச் சற்றே திருப்பினால் உள்ளிருக்கும் பல் நேராகி, சிலிண்டர் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்த ஸ்க்ரூ ஓட்டையின் நடுவிலிருந்து உள்பக்கம் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள். 30-ம் 30-ம் சேர்ந்தால் 60. 35-ம் 35-ம் சேர்ந்தால் 70. மொத்தத்தை மட்டும் சொன்னால் போதாது, இரண்டு பக்கமும் சமமாக இல்லாத சிலிண்டர்களும் உண்டு.

வெளிப்பக்கத் தகட்டைத் தாண்டி சிலிண்டர் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருந்தால் திருடனுக்குப் பிடித்து முறிக்க வசதி. பூட்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியது என்பது அப்போது உதவாது.

நான்காவது, பழைய தகட்டின் நீள அகலம். புதிதாக வரும் வட்டத் தகட்டுக் கைப்பிடிகள் பார்க்க அழகுதான். ஆனால் நீளத் தகடு இருந்த கதவில் அதைப் போட்டால் பழைய ஓட்டைகளும் பெயிண்ட் தடமும் வெளியே தெரியும். கதவுக்கு மறுபடி பாலிஷ் போடப் போவதில்லை என்றால், பழையதைவிடக் கொஞ்சமாவது பெரிய தகட்டைத் தேர்ந்தெடுங்கள். கதவின் ஓரத்தில் பதிந்திருக்கும் நீளத் தகட்டையும் அளந்துகொள்ளுங்கள்.

ஐந்தாவது அளவைக் கடைக்காரர் யாரும் கேட்கமாட்டார். நம் வீடுகளில் வாசல் கதவுக்கு வெளியே ஒரு இரும்பு கிரில் கேட் இருக்கும், அல்லது கொசுவலைக் கதவு இருக்கும். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடம்? லீவர் கைப்பிடிகள் கதவிலிருந்து இரண்டு இன்ச்சுக்கு மேலேயே நீளக்கூடும். கைப்பிடியைப் பூட்டியபின் கொசுவலைக் கதவு சாத்த மறுத்தால் என்ன செய்வது? கடைக்குப் போகும் முன் அந்த இடைவெளியையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எந்தப் பக்கத்துக் கதவு என்ற கேள்வியும் வரும். ‘லெஃப்ட்டா ரைட்டா’ என்று கேட்பார்கள். உள்ளே நின்று பார்த்துச் சொல்வதா, வெளியே நின்றா என்பதில் ஆளுக்கொரு வழக்கம். அதனால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லாதீர்கள். “வெளியே நின்று பார்த்தால் கீல் வலது பக்கம், கதவு உள்ளே திறக்கும்” என்று முழுசாகச் சொல்லுங்கள். பிறகு தப்பு வர வழியில்லை.

இவ்வளவும் எழுதினாலும், பழைய பூட்டையும் கைப்பிடியையும் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். தையல்காரரிடம் அளவு ஜாக்கெட் கொடுக்கிறோமே, அந்த மாதிரி. எழுதிய அளவில் சந்தேகம் வந்தால் கடைக்காரர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவதானால் பக்கத்தில் ஸ்கேலை வைத்து, நேர் எதிரே நின்று எடுங்கள். சாய்வாக எடுத்த படத்தில் அளவு பொய்யாகும்.

வட்டக் குமிழ் போட்ட கதவுகள் தனி ரகம். அடுக்குமாடி வீடுகளின் பெட்ரூம்களில் ஒரு காலத்தில் இவைதான் எங்கும். அந்தக் கதவில் 54 மி.மீ. அளவில் ஒரு பெரிய வட்ட ஓட்டை இருக்கும். வழக்கமான நீளத் தகடு பலவும் அதை மூட அகலம் போதாது. கவலைப்பட வேண்டாம், அதே ஓட்டைக்கு லீவர் கைப்பிடியோடு வரும் செட்டுகள் இருக்கின்றன. பேக்செட் 60-ஆ 70-ஆ என்று மட்டும் பார்த்து வாங்கினால், உளி போடாமலே குமிழை எடுத்துவிட்டு லீவரைப் பொருத்திக்கொள்ளலாம்.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை இந்த மழைக்காலத்திலேயே செய்துவிடுங்கள் என்று உரிமையோடு சொல்கிறேன். மூட்டுவலி இருக்கும் விரல்களால் வழுக்கும் குமிழைப் பிடித்துத் திருகுவது எத்தனை வேதனை! லீவரை உள்ளங்கையால் அழுத்தலாம், முழங்கையாலும் தள்ளலாம். கையில் சாப்பாட்டுத் தட்டோ குழந்தையோ இருந்தாலும் கதவு திறக்கும்.

பாத்ரூம் கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு கோடு வெட்டிய பூட்டாகப் பார்த்து வாங்குங்கள். உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அந்தக் கோட்டில் ஒரு நாணயத்தையோ திருப்புளியையோ வைத்துத் திருப்பினால் வெளியிலிருந்தே திறந்துவிடலாம். குழந்தை உள்ளே அழ, வெளியே நாம் கதவை உடைக்க ஆள் தேடி ஓடும் நிலை வேண்டாமே! பிவிசி கதவு என்றால் அது உள்ளே கூடாக இருக்கும். வெறும் ஸ்க்ரூ நிற்காது. இரண்டு பக்கத் தகட்டையும் ஊடுருவிப் பிடிக்கும் போல்ட் உள்ள செட்டைக் கேளுங்கள்.

வாசல் கதவுக்கு ‘போத் சைடு கீ’ வேண்டுமா, உள்பக்கம் திருகு வைத்தது வேண்டுமா என்று கேட்பார்கள். முன்னது இரண்டு பக்கமும் சாவி போட்டுத் திறப்பது. இரவில் பூட்டிவிட்டுச் சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தூங்கும் வீட்டில் தீப்பிடித்தால், கேஸ் கசிந்தால், புகையில் சாவியைத் தேட முடியுமா? கதவில் கைவிட்டுத் திறக்கும்படி கண்ணாடி எதுவும் இல்லையென்றால் உள்பக்கம் திருகு வைத்ததே நல்லது. வீட்டில் தூங்குகிறவர்கள் வெளியே வருவதற்கும் அந்தக் கதவுதானே வழி?

வாடகை வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கும், பழைய ஃபிளாட் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முன்பு குடியிருந்தவர்கள் எத்தனை சாவி அடித்து வைத்திருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. யாரையும் சந்தேகப்பட வேண்டாம். வீட்டு ஓனரிடம் சொல்லிவிட்டு சிலிண்டரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். பழையதைச் சாவியோடு ஒரு கவரில் போட்டு வைத்திருந்து, காலி செய்யும்போது மறுபடி மாட்டிக் கொடுத்துவிடலாம்.

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடற்காற்று படும் ஊர்களில் இருப்பவர்கள் பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். மேலே மட்டும் முலாம் பூசியது சீக்கிரத்தில் கொப்புளம் விட்டு உரியும். உரிந்த முனை கையைக் கிழிக்கும். கெட்டிப் பித்தளை, அல்லது பெட்டியில் எஸ்எஸ் 304 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அதையும் அவ்வப்போது ஈரத்துணியால் துடைத்து உப்பை எடுக்க வேண்டும்.

கிராமத்தில் தாத்தா காலத்து வீடு இருக்கிறதா? அதில் கொண்டியும் நாதாங்கியும் போட்ட இரட்டைக் கதவா? தயவுசெய்து அதைக் குடைந்து மார்ட்டிஸ் பூட்டு வைக்காதீர்கள். அந்தக் கதவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் திண்டுக்கல் பூட்டு ஒன்று போதும். நாதாங்கியின் துவாரத்தை அளந்து, பூட்டின் வளையம் அதில் நுழையுமா என்று மட்டும் பாருங்கள். பழைய பித்தளைக் கைப்பிடியைக் காயலான் கடையில் எடைக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை. காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில் மக்கள் தேடிப் பிடித்து வாங்குவது அதைத்தானே? புளி போட்டுத் தேய்த்து, புது ஸ்க்ரூ போட்டால் இன்னொரு தலைமுறைக்கு வரும்.

பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சாவி ஓட்டைக்குள் எண்ணெய் விட்டால் அன்றைக்குச் சுகமாகத் திரும்பும்; பிறகு தூசு ஒட்டிப் பிசின் மாதிரி ஆகிவிடும். பென்சில் கரியைப் பொடியாக்கிச் சாவியில் தடவிச் செருகினால் போதும். எண்ணெய் கீலுக்கு.

பொருத்துகிற வேலையை ஆசாரியே செய்யட்டும், நீங்களே செய்யுங்கள், எப்படியானாலும் சரி. பித்தளை ஸ்க்ரூவாக இருந்தால் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் முடுக்கி எடுத்துவிட்டு, அந்த வழியில் பித்தளையைப் போடுங்கள், தலை முறியாது. எல்லாம் பூட்டியதும் கதவைச் சாத்திப் பார்க்கத்தான் கை போகும். அவசரம் வேண்டாம். கதவு திறந்திருக்கும்போதே சாவியைப் போட்டு நாலைந்து முறை பூட்டித் திறந்து பாருங்கள். உள்பக்கமும் வெளிப்பக்கமும் கைப்பிடியை அழுத்திப் பாருங்கள். நாக்கு தடங்கலின்றி வந்து போனால், அதன் முனையில் சாக்பீஸைத் தடவிக் கதவை மெல்ல நிலையில் ஒட்டுங்கள். தடம் நிலையில் உள்ள தகட்டின் துவாரத்துக்கு நேராக விழுந்திருந்தால் சாத்தலாம். மேலோ கீழோ தள்ளி விழுந்திருந்தால் நிலையில் இருக்கும் தகட்டை அந்த அளவுக்கு நகர்த்திப் போடுங்கள். பூட்டைத் தொட வேண்டாம்.

அளவு எழுதிய தாளைக் கரண்ட் பில், வரி ரசீது வைக்கும் ஃபைலிலேயே, எந்தக் கதவு என்று மேலே எழுதிச் சேர்த்துவிடுங்கள். அடுத்த கைப்பிடி உடையும்போது நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் வீட்டில் இருக்கிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம்.

அன்புடன்,
ஆசிரியர்